தொடை இடுக்கில் வீக்கம், காலில் சுரீர் வலி: ரெண்டுல எதை முதல்ல பார்க்கணும்?

#1 கோடைமழை

எல்லாருக்கும் வணக்கம். வயசு 52. ரெண்டு தொந்தரவு ஒண்ணா வந்து நிக்குது.

வலது தொடை இடுக்குல ஒரு வீக்கம். நின்னா, இருமினா வெளியே தெரியும், படுத்தா உள்ளே போயிடும். வலின்னு பெருசா இல்லை, சாயங்காலம் ஆனா ஒரு பாரம் மட்டும். இது போன வருஷத்துலேர்ந்தே இருக்கு, கண்டுக்காம விட்டுட்டேன். இப்ப சில வாரமா இடுப்புலேர்ந்து வலது பிட்டம் வழியா, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமா இறங்கி, பாதத்தோட மேல்பக்கம் வரைக்கும் சுரீர்னு ஒரு வலி. உட்கார்ந்தா அதிகம். தும்மினா உயிர் போகுது.

ரெண்டு ஸ்கேன் எடுத்தாச்சு. ஒண்ணுல "வலது இங்குவினல் ஹெர்னியா". முதுகு எம்ஆர்ஐயில "எல்4-எல்5 டிஸ்க் ஹெர்னியேஷன்". என் மச்சான் ரெண்டும் ஒரே வியாதி, வெயிட் தூக்கினதால வந்தது, ஒரே ஆபரேஷன்ல முடிச்சிடலாம்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு பெல்ட் வாங்கிப் போட்டா போதும்கிறார்.

ரெண்டுக்கும் தொடர்பு இருக்கா? எதை முதல்ல பார்க்கணும்? எதுக்கு ஆபரேஷன் கட்டாயம்?


#2 ஓட்டக்காரன்

அண்ணே, எனக்கு எல்5-எஸ்1 ஜவ்வு, அதான் டிஸ்க், பிதுங்கி கெண்டைக்கால் முழுக்க வலி. "உடனே ஆபரேஷன்"னு பயமுறுத்தினவங்களும் உண்டு. மாத்திரை, நடை, பிசியோதெரபி, இதோடவே சரியாச்சு. இப்ப திரும்ப ஓடறேன். கத்தி வைக்க அவசரப்படாதீங்க, உடம்பே சரி பண்ணிக்கும்.


#3 பழைய ரேடியோ

தம்பி ஓட்டக்காரன் சொல்றது முதுகுக்குச் சரி. ஆனா குடலிறக்கம், அதான் உங்க இங்குவினல் ஹெர்னியா, தானா சரியாகி நான் பார்த்ததே இல்லை. எனக்கு வருஷக்கணக்கா எலுமிச்சை அளவு இருந்தது, அப்புறம் விரைப்பைக்குள்ளேயே இறங்கிடுச்சு. கடைசியில ஆபரேஷன்தான். தள்ளிப் போடாதீங்க.


#4 கையுறை

பொது அறுவை சிகிச்சை என் தொழில். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம்தான். உங்களை நேரில் சோதித்துப் பார்க்கும் மருத்துவர் சொல்வதே உங்களுக்கு இறுதி.

மேலே எழுதிய இரண்டு பேரும் அவரவர் நோய்க்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நோய்க்கான புத்திமதியை இன்னொரு நோய்க்குத் தூக்கிக்கொண்டு போனால்தான் ஆபத்து.

முதலில் வயிறு. வயிற்றுச் சுவர் தசையும் அதன் உறுதியான உறையும் சேர்ந்த ஒரு தடுப்பு. அதில் ஓரிடம் பலவீனமாகி ஓட்டை விழும்போது உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ அதன் வழியாக வெளியே தள்ளும், கிழிந்த டயரில் டியூப் புடைப்பது போல. ஆண்களுக்குத் தொடை இடுக்கில் இது அதிகம் வருவதற்குக் காரணம் பிறப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கருவில் விரைகள் வயிற்றுக்குள் உருவாகி, தொடை இடுக்கில் உள்ள ஒரு சாய்வான பாதை வழியாகக் கீழே இறங்குகின்றன. அந்தப் பாதை சிலருக்கு முழுதாக மூடுவதில்லை. அப்படி மூடாத பாதை வழியே வருவது ஒரு வகை. வயதாக ஆகப் பின்சுவர் தளர்ந்து நேராகப் பிதுங்குவது இன்னொரு வகை. ஆண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வாழ்நாளில் ஒருமுறை இது வருகிறது. பெண்களுக்கு நூற்றில் மூன்று பேர் அளவுக்குத்தான். ஓட்டை விழுந்தபின் அதைத் திரும்ப மூடும் வழி பெரியவர்களின் உடலுக்குக் கிடையாது. மாத்திரை, பெல்ட், ஆசனம் எதுவும் அதை அடைக்காது.

இனி முதுகு. எல்4, எல்5 என்பவை இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகள்; எஸ்1 அதற்கு அடுத்துக் கீழே உள்ளது. அங்கிருந்து கிளம்பும் நரம்பு வேர்களுக்கும் அதே பெயர்கள்தான். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டுக்கு, அதாவது டிஸ்க்குக்கு, வெளியே நார் வளையம், உள்ளே கூழ் போன்ற மையம். வளையம் கிழிந்து மையம் பின்பக்கம் வெளியேறினால் அருகில் இறங்கும் நரம்பு வேரைத் தொடும். வலிக்கு அழுத்தம் மட்டும் காரணமில்லை. வெளியே வந்த கூழ் அந்த வேரைச் சுற்றி அழற்சியையும் உண்டாக்குகிறது. 1934இல் அமெரிக்காவின் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் இந்தத் தொடர்பை எழுதிக் காட்டிய பிறகுதான் கால்வலிக்காக வட்டை அறுத்து எடுக்கும் பழக்கமே பரவியது. பிறகு தெரிய வந்தது இன்னொன்று: வெளியேறிய அந்தத் துண்டை உடல் அந்நியப் பொருளாகப் பார்த்து, நோய் எதிர்ப்பு அணுக்களை அனுப்பிக் கரைத்துவிடுகிறது.

இடுக்கில் உள்ளது காத்திருந்தால் அப்படியே இருக்கும், அல்லது பெரிதாகும். முதுகில் உள்ளது காத்திருந்தால் பெரும்பாலும் சுருங்கும். ஒரே ஆபரேஷனில் இரண்டையும் முடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இடம், கருவி, அறுவை நிபுணர், படுக்க வைக்கும் விதம் எல்லாமே வேறு. உங்கள் மச்சானிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.


#5 கோடைமழை

டாக்டர் சார், ரொம்ப நன்றி. மச்சான்கிட்ட மெதுவா சொல்ற வேலைதான் கஷ்டம்.

ஒரு சந்தேகம். ரெண்டுமே வலது பக்கம். ரெண்டுமே இருமினா தும்மினா அதிகமாகுது. அப்ப கால்வலி ஹெர்னியாவால வரலைன்னு எப்படித் தெரியும்? ஸ்கேன்ல ரெண்டும் இருக்கே.


#6 நீலக்குடை

நான் பிசியோதெரபிஸ்ட். டாக்டர் சார் அனுமதியோட இதுக்கு நான் பதில் சொல்றேன், தினமும் பார்க்கிற விஷயம்.

இருமும்போது வயித்துக்குள்ள அழுத்தம் ஏறும். அதே நேரம் தண்டுவடத்தைச் சுத்தியிருக்கிற திரவத்தோட அழுத்தமும் ஏறும். முதல் அழுத்தம் இடுக்குல இருக்கிறதை வெளியே தள்ளுது, ரெண்டாவது ஏற்கெனவே கடுப்புல இருக்கிற நரம்பு வேரை உசுப்பி விடுது. அதனால "இருமினா அதிகம்"ங்கிறதை வச்சுப் பிரிக்க முடியாது. வலி போற பாதையை வச்சுத்தான் பிரிக்கணும்.

இடுக்குக் குடலிறக்கத்தோட வலி இடுக்குலயே நிக்கும். மிஞ்சிப் போனா விரைப்பை, தொடையோட மேல் உள்பக்கம். முழங்காலைத் தாண்டி பாதத்துக்குப் போகாது. உங்களுக்கு பிட்டம், கெண்டைக்காலோட வெளிப்பக்கம், பாதத்து மேல்பக்கம்னு போகுது. அது எல்5 நரம்பு போற வழி. எல்4-எல்5 வட்டு பிதுங்கினா வழக்கமா மாட்டறது அந்த எல்5 வேர்தான். உங்க எம்ஆர்ஐ சொல்றதும் வலி சொல்றதும் ஒத்துப் போகுது.

வீட்டிலேயே பாருங்க: குதிகால்ல மட்டும் நின்னு நாலு அடி நடக்க முடியுதா? உட்கார்ந்துக்கிட்டு ரெண்டு கட்டைவிரலையும் மேல தூக்கி, யாரையாவது கீழே அழுத்தச் சொல்லுங்க. வலது விரல் மட்டும் சட்டுனு விட்டுக் குடுக்குதா? அப்படின்னா எல்5 பலவீனம். நுனிக்கால்ல நிக்க முடியலைன்னா அது எஸ்1, அதாவது ஓட்டக்காரன் தம்பியோட வகை. மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்காம காலை மெதுவா ஒருத்தர் தூக்கும்போது, பாதி உயரத்துக்குள்ள கால் கீழ வரைக்கும் அதே வலி வந்தா நரம்பு வேர் மாட்டியிருக்குன்னு சந்தேகிக்கலாம். தொடைக்குப் பின்னால தசை இழுக்கிறது மட்டும்னா அது வேற.

ஒண்ணு கவனிங்க. இடுக்கு வலிக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானமும் காரணமா இருக்கலாம். வீக்கமே இல்லாம, செருப்பு மாட்ட, காலை உள்பக்கம் திருப்ப இடுக்குல வலிச்சா மூட்டைப் பார்க்கச் சொல்லுங்க. ஹெர்னியான்னு நினைச்சு ஆபரேஷன் செஞ்சும் வலி போகாம எங்ககிட்ட வர்றவங்கள்ல இந்த ஆட்கள் உண்டு.


#7 தர்க்கம்

ஸ்கேன் அறிக்கையைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்பதால் நுழைகிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆய்வுகளைப் படிக்கும் வியாதி உண்டு.

2015இல் வலியே இல்லாத 3,110 பேரின் முதுகு ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஐம்பது வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு வட்டு புடைத்திருந்தது. 36 சதவீதம் பேருக்குப் பிதுங்கல் இருந்தது. இருபது வயதிலேயே புடைப்பு 30 சதவீதம். இவர்கள் யாருக்கும் முதுகுவலி கிடையாது. ஆக "டிஸ்க் பல்ஜ்" என்ற வரியைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்காரவே பயப்படுகிறவர்கள், நரைமுடி இருக்கிறது என்ற அறிக்கைக்குப் பயப்படுகிறார்கள்.

அப்படியிருக்க, எல்லாருக்கும் முதல் வாரத்திலேயே எம்ஆர்ஐ எதற்கு?


#8 நீலக்குடை

நரைமுடி நல்லா இருக்கு, ஆனா கோடைமழை சாருக்குப் பொருந்தாது. அவருக்கு வலியும் படமும் ஒரே நரம்பைக் காட்டுது. படத்துல மட்டும் இருக்கிறவங்களுக்குத்தான் உங்க கணக்கு.

முதல் வாரத்துல எம்ஆர்ஐ எதுக்குங்கிற கேள்வி நியாயம். பெரும்பாலானவங்களுக்குத் தேவையில்லை. பலவீனம் இருந்தா, ஆறு வாரம் தாண்டியும் குறையலைன்னா, ஆபரேஷனோ ஊசியோ யோசிக்கிறப்போ, புற்றுநோய் வந்து போனவங்க, காய்ச்சலோட முதுகுவலி, பெரிய அடி பட்டவங்க, இவங்களுக்கு எடுக்கணும். இடுக்குக்கும் அதேதான். நின்னு இருமச் சொல்லி கை வச்சுப் பார்த்தாலே தெரியற குடலிறக்கத்துக்கு ஸ்கேன் வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாத்தான்.


#9 ஓட்டக்காரன்

தர்க்கம் சார், கரையுதுன்னு டாக்டர் சொன்னாரே, அதுக்கு எண் இருக்கா? என்னோடது "பெரிய பிதுங்கல்"னு எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் வீட்டுல எல்லாரும் அழுதாங்க.


#10 தர்க்கம்

இருக்கிறது, கேட்டால் சிரிப்பீர்கள். 2015இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வின்படி, உடைந்து தனியாகப் பிரிந்த துண்டுகளில் 96 சதவீதம் தானாகச் சுருங்கின. வளையத்தைக் கிழித்து வெளியே வந்தவற்றில் 70 சதவீதம், சாதாரணப் பிதுங்கலில் 41, வெறும் புடைப்பில் 13. படத்தில் எவ்வளவு மோசமாகத் தெரிகிறதோ அவ்வளவுக்குக் கரையும் வாய்ப்பு அதிகம். துண்டு வெளியே வந்தால்தான் ரத்த ஓட்டத்தின் கண்ணில் படுகிறது.

ஆபரேஷனா காத்திருப்பா என்பதற்கு நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடும் கால்வலியில் இருந்த 283 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சீக்கிரம் ஆபரேஷன், இன்னொன்றுக்குக் காத்திருப்பு. ஒரு வருடக் கடைசியில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆனால் தேறிய வேகம் வேறு: ஆபரேஷன் கூட்டத்தில் பாதிப் பேர் நான்கு வாரத்தில், காத்திருந்தவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டு வாரத்தில். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் முடியாமல் நடுவில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

அதனால் "உடம்பே சரி பண்ணிக்கும்" என்பது முக்கால் உண்மை. அதற்குள் வேலை போகும், தூக்கம் போகும் என்றால் சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொள்வதில் தவறில்லை. வாங்குவது வேகம்.


#11 இரவுப்பணி

அவசரப் பிரிவு நர்ஸ் நான். எல்லாரும் காத்திருக்கலாம் காத்திருக்கலாம்னு பேசறதால இதை எழுதிடறேன். ரெண்டு நோய்க்கும் காத்திருக்கக் கூடாத கட்டம் ஒண்ணு இருக்கு. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கிளம்பி வரணும்.

இடுக்கு, தொப்புள், பழைய தையல், எங்க வீக்கம் இருந்தாலும்: வழக்கமா உள்ளே போறது போகாம நிக்குது, கெட்டியாயிடுச்சு, தொட்டா வலி, மேல தோல் சிவந்தோ கறுத்தோ போகுது, வாந்தி, காத்துப் பிரியலை. இதுல ஒண்ணு ரெண்டு சேர்ந்தாலே குடல் மாட்டி ரத்த ஓட்டம் நின்னுக்கிட்டிருக்கலாம். சில மணி நேரத்துல குடல் அழுக ஆரம்பிச்சிடும். சாப்பாடு தண்ணி எதுவும் குடுக்காம கூட்டிட்டு வாங்க, மயக்க மருந்து குடுக்க வேண்டி வரலாம். வீட்டுல யாரும் பலமா அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதீங்க. எண்ணெய் போட்டு நீவிட்டு வர்றவங்களை இன்னும் பார்க்கிறோம். அழுகின குடலை உள்ளே தள்ளிட்டா வெளியே வீக்கம் போயிடும், ஆபத்து உள்ளே போயிடும்.

முதுகுக்கு: சிறுநீர் முட்டியும் வரலை, இல்லேன்னா தெரியாமலே போகுது. மலம் அடக்க முடியலை. சைக்கிள் சீட்டுல படற இடம் முழுக்க மரத்துப் போச்சு, கழுவும்போது கை படறதே தெரியலை. ரெண்டு காலும் ஒண்ணா பலவீனமாகுது. முதுகுத் தண்டு முடியற இடத்துல நரம்புக் கொத்து மொத்தமா நசுங்கினா இப்படி வரும். உடனே எம்ஆர்ஐ, உடனே ஆபரேஷன். தாமதிச்சா வாழ்நாள் முழுக்க சிறுநீர்க் குழாயோட இருக்க வேண்டி வரலாம்.

நிறைய பேர், முக்கியமா பெண்கள், அந்த இடம் மரத்துப் போச்சுன்னு சொல்லக் கூச்சப்பட்டு "முதுகுவலி"ன்னு மட்டும் சொல்றாங்க. நாங்க கேட்டாத்தான் வருது. கூச்சப்படாதீங்கம்மா, எங்களுக்கு இது தினப்படி.


#12 மூன்றாம் மாடி

இரவுப்பணி அக்கா, உங்க பதிவைப் படிச்சதும் எங்கம்மா ஞாபகம் வந்து கேக்கறேன். அம்மாவுக்கு 74. ஒல்லியான உடம்பு. தொடை இடுக்குக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கிற இடத்துல நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. "நெறிகட்டி"ன்னு சொல்லி மஞ்சள் பத்துப் போட்டுக்கிட்டிருக்காங்க. பெண்களுக்கு ஹெர்னியா வராதுன்னு நினைச்சேன். காட்டணுமா?


#13 கையுறை

காட்டுங்கள். இந்த வாரமே.

நெறிக்கட்டியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் இடம், வயது, உடல்வாகு மூன்றும் தொடைக் குடலிறக்கத்துக்குப் பொருந்துகின்றன. பெரிய ரத்தக் குழாய்கள் தொடைக்கு இறங்கும் இடத்துக்கு உள்பக்கமாக ஒரு குறுகிய சந்து உண்டு. அதன் விளிம்புகள் விறைப்பானவை. உள்ளே போன குடல் எளிதில் நெரிபடும். இது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆண்களின் சாதாரண இடுக்குக் குடலிறக்கத்துக்குச் சொல்லும் "பார்த்துக்கொள்ளலாம்" என்பதை இதற்கு நாங்கள் சொல்வதில்லை. கண்டுபிடித்தால் திட்டமிட்டுச் சரி செய்துவிடுவோம்.

கோடைமழை ஐயா முன்பு கேட்ட கேள்விக்கும் இங்கே ஒரு விதிவிலக்கைச் சேர்க்க வேண்டும். மெலிந்த வயதான பெண்களுக்கு இடுப்பெலும்பில் உள்ள ஒரு துளை வழியாக, வெளியே வீக்கமே தெரியாமல் குடல் இறங்கக்கூடும். அப்போது தொடையின் உள்பக்கம் முழங்கால்வரை வலிக்கும். முதுகு நரம்பு என்று நினைத்தே நாள் ஓடிவிடும். அரிது. ஆனால் பாட்டிக்குத் தொடைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அறுவை மருத்துவர் இதை நினைத்தே ஆக வேண்டும்.


#14 பழைய ரேடியோ

கோடைமழை, ஆபரேஷன் எப்படி இருக்கும்னு யாரும் சொல்லலையே. எனக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப் போக முதுகுல ஊசி போட்டு, இடுக்குல ஒரு கீறல், உள்ளே வலை வச்சுத் தைச்சாங்க. அன்னிக்கு சாயங்காலமே பாத்ரூமுக்கு நடந்தேன். முதல் தடவை சிறுநீர் வர லேட்டாச்சு, அதுதான் பெரிய அவஸ்தை. விரைப்பை நீலமா வீங்கினதைப் பார்த்து மனைவி பயந்துட்டா, தானா வடிஞ்சது. தழும்புக்குக் கீழே இன்னிக்கும் கொஞ்சம் மரத்த மாதிரிதான் இருக்கு. வேற குறை இல்லை.


#15 தர்க்கம்

வலை பற்றி இரண்டு பக்கமும் சொல்லப்பட வேண்டும். "மெஷ் வேண்டவே வேண்டாம்" என்று ஒரு பிரச்சாரம் ஓடுகிறது. 1887இலேயே இத்தாலிய அறுவை மருத்துவர் பசினி தையலால் மட்டும் சரி செய்து காட்டினார். நூறு வருடம் அந்த வழிதான். தசையை இழுத்துத் தைப்பதால் மறுபடி பிரிந்து வருவது அதிகமாக இருந்தது. 1980களில் அமெரிக்காவின் லிச்சென்ஸ்டைன் மருத்துவக் குழு பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலையை இழுப்பில்லாமல் வைத்துக் காட்டிய பிறகு அது குறைந்தது. ஆனால் மூன்று மாதம் தாண்டியும் தொல்லை தரும் வலி சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அன்றாட வேலையையே கெடுக்கும் கடும் வலி அதைவிடக் குறைவான பேருக்கு. இதை ஆபரேஷனுக்கு முன் சொல்லும் மருத்துவர்கள் எத்தனை பேர்?


#16 கையுறை

சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன். இதையும் சேர்த்துச் சொல்வேன்: நாள்பட்ட வலிக்கு வலை மட்டும் காரணமல்ல. அந்த இடத்தில் மூன்று நரம்புகள் ஓடுகின்றன. தையல் மட்டும் போட்டாலும் அவை மாட்டலாம். ஆபரேஷனுக்கு முன்பே கடும் வலி இருந்தவர்கள், இளம் வயதினர், பெண்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கொஞ்சம் அதிகம். துளையிட்டுக் கருவி வழியாகப் பின்பக்கம் வலை வைக்கும் முறையில் நாள்பட்ட வலி குறைவு, வேலைக்குத் திரும்புவதும் சீக்கிரம். அதற்கு முழு மயக்கம் தேவை. செய்பவருக்கு நல்ல பழக்கமும் தேவை. இரண்டு பக்கமும் குடலிறக்கம் இருந்தாலோ, முன்பு கீறல் முறையில் செய்து மறுபடி வந்திருந்தாலோ நான் அதைத்தான் விரும்புவேன். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவருக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து கீறல் முறையில் செய்வது பாதுகாப்பு.

"தள்ளிப் போடாதீங்க" என்று பழைய ரேடியோ ஐயா சொன்னதற்கு வருகிறேன். தொந்தரவு குறைவாக உள்ள ஆண்கள் 720 பேரை வைத்து 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், காத்திருந்தவர்களுக்குத் திடீரென மாட்டிக்கொண்டது ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஆகவே நாளைக்கே ஆபரேஷன் என்ற அவசரம் இல்லை. அவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது பத்து வருடத்தில் 68 சதவீதம் பேர் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி அதிகமானதால். காத்திருப்பது பாதுகாப்பு, ஆனால் தப்பிப்பது கடினம். உங்களுக்கு வசதியான நேரத்தை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.


#17 மொட்டைமாடி

இவ்ளோ கஷ்டம் எதுக்கு? வயித்துத் தசைக்குப் பயிற்சி செஞ்சா ஹெர்னியா ஓட்டையே மூடிடும்னு வீடியோ நிறைய இருக்கு. இடுப்பு பெல்ட் போட்டா டிஸ்க்கும் உள்ளே போயிடும். மருந்து கம்பெனிக்காரங்க இதைச் சொல்ல விடமாட்டாங்க.


#18 நீலக்குடை

மொட்டைமாடி, பயிற்சி சொல்லிக் குடுத்துத்தான் நானே பிழைக்கிறேன். ஓட்டை மூடும்னா முதல்ல விளம்பரம் போடறது நானாத்தான் இருப்பேன். அந்தச் சந்துல தசை இல்லை, உறைதான். தசையை எவ்ளோ பெருசாக்கினாலும் உறை வளராது. மூச்சைப் பிடிச்சு வயித்தை மடக்கற பயிற்சி குடலிறக்கத்தை இன்னும் வெளியே தள்ளத்தான் செய்யும். இடுக்கு பெல்ட், ஆபரேஷன் செய்யவே முடியாத உடல்நிலை இருக்கிறவங்களுக்கு ஒரு ஒத்தாசை, அவ்வளவுதான். வீக்கம் வெளியே இருக்கும்போதே மேல பெல்ட்டை இறுக்கினா ஆபத்து.

முதுகுக்குக் கதை வேற. அங்க அசைவுதான் மருந்து. படுத்தே கிடக்கச் சொன்ன காலம் போயிடுச்சு. வலி தாங்கற அளவுக்கு நடங்க, ஒரே இடத்துல ரொம்ப நேரம் உட்காராதீங்க. எந்த அசைவு கால்வலியை இடுப்புப் பக்கம் மேல ஏத்துதோ அது உங்களுக்கு நல்ல அசைவு, எது பாதம் நோக்கி இன்னும் கீழ இறக்குதோ அதை நிறுத்துங்க. எல்லாருக்கும் ஒரே ஆசனம்னு எதுவும் கிடையாது. முதல் சில நாள் வலியில பெல்ட் போட்டுக்கலாம், அதையே உடம்பாக்கிக்கக் கூடாது.


#19 கையுறை

மருந்து பற்றி ஒன்று, கோடைமழை ஐயாவுக்காகவே. நரம்பு வலி என்றதும் பலருக்கும் பிரீகாபலின் எழுதப்படுகிறது. இந்தக் கால்வலிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வில் பலன் ஒன்றும் தெரியவில்லை; தலைசுற்றல்தான் மிச்சம். சாதாரண அழற்சி மாத்திரைகள் கொஞ்ச நாள் உதவும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய் இருந்தால் அவையும் கேட்டுத்தான் போட வேண்டும். டிரமடால், கோடீன் வகை வலிமாத்திரைகள் மலத்தை இறுக்கும். முக்க வேண்டி வரும். முக்கினால் இடுக்கில் வீக்கம் தள்ளும், முதுகிலும் சுரீர் என்னும். இரண்டு நோயும் உள்ள உங்களுக்கு அது இரட்டைத் தண்டனை. முதுகில் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள் ஆசுவாசம் தரும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள். நாள்பட்ட இருமல் இடுக்குக்குக் கெடுதல், புகை வட்டுக்குக் கெடுதல், ஆபரேஷன் காயம் ஆறுவதற்கும் கெடுதல். இரவில் அடிக்கடி எழுந்து முக்கிச் சிறுநீர் கழிக்கிறீர்களா? அப்படியானால் புராஸ்டேட்டை முதலில் பாருங்கள். அது தெரியாமல் குடலிறக்கத்தைச் சரி செய்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டு அவதிப்படுவீர்கள்.


#20 கோடைமழை

மச்சான் சொன்ன வெயிட் தூக்கற விஷயம் மட்டும் பாக்கி. நான் செய்யறது உட்கார்ந்த வேலைதான். அப்புறம் எப்படி ரெண்டும் வந்தது?


#21 தர்க்கம்

வட்டுத் தேய்மானத்துக்கு, பின்லாந்தில் இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வில், செய்த வேலையைவிடப் பரம்பரையின் பங்கே பெரிதாக இருந்தது. ஒருவர் பாரம் தூக்குகிறவர், மற்றவர் எழுத்தர்; முதுகுப் படம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. குடலிறக்கமும் குடும்பத்தில் ஓடும் ஒன்று. வெயிட் தூக்கியது கடைசி உந்துதலாக இருந்திருக்கலாம், மூல காரணம் என்று தைரியமாகச் சொல்ல முடியாது.


#22 குட்டிமேகம்

இழையை முழுசா படிச்சேன். என் பையனுக்கு நாலு மாசம். அழுதா தொப்புள் பெருசா வெளியே வருது. நாணயம் வச்சுக் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?


#23 இரவுப்பணி

கட்டாதீங்கம்மா, தோல் புண்ணாகும். குழந்தைங்க தொப்புள் குடலிறக்கம் பெரும்பாலும் நாலஞ்சு வயசுக்குள்ள தானா மூடிடும். ஆனா குழந்தைக்கு இடுக்குலயோ விரைப்பைப் பக்கமோ வீக்கம் வந்தா அது தானா மூடாது. மாட்டிக்கிற ஆபத்தும் அதிகம், அதுக்கு உடனே குழந்தைகள் அறுவை டாக்டரைப் பாருங்க.


#24 மூன்றாம் மாடி

அம்மாவைக் காட்டியாச்சு. தொடைக் குடலிறக்கமேதான். தேதி குடுத்துட்டாங்க. கையுறை சார், இரவுப்பணி அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றின்னு சொன்னா குறைவு.


#25 கோடைமழை

நானும் போய்ட்டு வந்தேன். நீலக்குடை மேடம் சொன்ன அதே சோதனைகள்தான் செஞ்சாங்க. குதிகால்ல நடக்க முடியுது, கட்டைவிரல் பலம் இருக்கு. சிறுநீர்ல குறை இல்லை. கால்வலியும் போன வாரத்தைவிடக் கொஞ்சம் மேல ஏறி இப்ப முழங்காலோட நிக்குது. முதுகுக்கு ஆபரேஷன் இப்ப வேண்டாம், ஆறு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. கட்டைவிரல் பலம் குறைஞ்சா மட்டும் உடனே வரணும். முதுகு அடங்கினதும் இடுக்கு.

ஒரே பயம்: அந்த ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போடுவாங்களே, பிதுங்கின வட்டுக்கு ஏதாவது ஆகுமா? அப்புறம் தையல் போட்ட பிறகு தும்மல் வந்தா பிரிஞ்சிடுமா?


#26 கையுறை

வட்டுப் பிதுங்கல் இருப்பதாலேயே முதுகில் ஊசி கூடாது என்று இல்லை. ஆனால் மயக்க மருத்துவரிடம் எம்ஆர்ஐ படத்தைக் காட்டுங்கள். காலில் எங்கே மரத்திருக்கிறது, எங்கே பலம் குறைந்திருக்கிறது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிறகு புதிதாக ஏதேனும் வந்தால் பழையது எது, புதியது எது என்று குழப்பம் வராது. விருப்பமில்லை என்றால் முழு மயக்கத்தையோ, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வதையோ கேட்கலாம்.

தும்மினால் வலை பிரியாது. வலி இருக்கும்.


#27 பழைய ரேடியோ

தும்மல் வர்ற மாதிரி இருந்தா ஒரு சின்னத் தலையணையைத் தைச்ச இடத்துல அழுத்திப் பிடிச்சுக்கோங்க, பாதி வலி குறையும். படுக்கையிலேர்ந்து நேரா எழுந்திரிக்காம பக்கவாட்டுல திரும்பிக் கையை ஊன்றி எழுந்திருங்க. உங்க முதுகுக்கும் அதுதான் நல்லதுன்னு நினைக்கிறேன், நீலக்குடை அம்மா சொல்லட்டும்.


#28 நீலக்குடை

ரொம்பச் சரி ஐயா. இன்னிக்கு ராத்திரியிலேர்ந்தே பழகிக்கட்டும்.